‘உங்களுக்கு வயது கம்மி, பயப்பட வேண்டாம்’: நியூஜெர்சியில் மார்பகப் புற்றுநோயோடு ஒரு வருடம்

2022 ஆகஸ்டில் குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அப்போது எனக்கு 41 வயது. நியூஜெர்சியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கணவருக்கு டெக்சாஸில் ப்ராஜெக்ட், இடையிடையே வந்து போவார். மகள் இரண்டாம் வகுப்பு, அம்மா திருச்சியில். அதனால் முதல் டாக்டர் அறையில் தொடங்கி ரேடியேஷன் முடியும்வரை பெரும்பாலும் தனியாகத்தான் அலைந்தேன். மருந்து மாத்திரை பற்றி எழுதப் போவதில்லை, அதைச் சொல்லத்தான் டாக்டர்கள் இருக்கிறார்களே. அந்த மருந்து வரைக்கும் போய்ச் சேருவதற்குள் என்னவெல்லாம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நான்கு மாதமும் கொஞ்சம் காசும் மிச்சமாகியிருக்கும்.

குடும்ப டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தார். வலிக்கிறதா என்றார், இல்லை என்றேன். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றார், தெரிந்தவரை இல்லை என்றேன். “உங்களுக்கு வயது கம்மி, பயப்பட வேண்டாம். நீர்க்கட்டியாக இருக்கும். காபியைக் குறைத்துப் பாருங்கள், இரண்டு பீரியட்ஸ் போகட்டும்” என்று அனுப்பிவிட்டார். நல்ல மனிதர்தான், கடுமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கட்டி போகவில்லை. அக்டோபரில் மறுபடி போய் நின்றதும் வருடாந்திர மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) எழுதிக் கொடுத்தார். எடுத்தேன். ‘நார்மல்’ என்று கடிதம் வந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில், உங்கள் மார்பகத் திசு அடர்த்தியானது, இது கட்டிகளை மறைக்கக்கூடும், டாக்டரிடம் பேசுங்கள் என்று ஒரு வரி. இன்சூரன்ஸ் கடிதங்களில் வரும் சம்பிரதாய வாசகம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த வரிதான் கடிதத்திலேயே முக்கியம். மேமோகிராம் படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், அடர்ந்த திசு வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகவே தெரியும். வெள்ளைக்குள் வெள்ளையை எங்கே தேடுவது? அடர்த்தியை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். சி, டி இரண்டும் அடர்த்தி. அமெரிக்காவில் 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இந்த இரண்டில்தான் வருகிறார்கள். அப்போது பல மாநிலங்களில்தான் இதைச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் இருந்தது. 2024 செப்டம்பர் 10 முதல் நாடு முழுக்க ஒவ்வொரு மேமோகிராம் சென்டரும் இதைக் கட்டாயம் எழுதித் தர வேண்டும். உங்கள் கடிதத்தை எடுத்து எந்த வகை என்று பாருங்கள். இல்லையென்றால் போன் செய்து ரேடியாலஜி ரிப்போர்ட்டையே கேளுங்கள். வீட்டுக்கு வரும் கடிதம் சுருக்கம்தான், முழு விவரம் ரிப்போர்ட்டில் இருக்கும்.

இன்னொன்று. மார்பில் கட்டி தட்டுப்படும் பெண்ணுக்கு ஸ்க்ரீனிங் மேமோகிராம் போதாது. டயக்னாஸ்டிக் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் வேண்டும். ஸ்க்ரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு, டயக்னாஸ்டிக் என்பது தட்டுப்பட்டதை என்னவென்று துருவிப் பார்ப்பதற்கு. 40 வயதிலிருந்து அது பெரும்பாலான இன்சூரன்ஸில் இலவசம். டயக்னாஸ்டிக் என்று எழுதினால் பல பாலிசிகளில் நம் கைக்காசு போகும். பில்லில் 77067 என்ற கோடு இருந்தால் ஸ்க்ரீனிங், 77065 அல்லது 77066 என்றால் டயக்னாஸ்டிக். காசு மிச்சம் என்று ஸ்க்ரீனிங்கோடு நிறுத்திக்கொள்கிற பெண்கள் நிறையப் பேர். எனக்கு அந்த வித்தியாசமே அப்போது யாரும் சொல்லவில்லை.

சொன்னது, ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்த ஒரு கறுப்பின அம்மா. நெவார்க்கைச் சேர்ந்தவர், அறுபதை நெருங்கும் வயது. அவருடைய அக்கா இதே நோயில் போனவர். அதுவும் ‘பார்ப்போம், பார்ப்போம்’ என்று ஒத்திப்போட்டே. காபி மெஷின் பக்கத்தில் நான் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். “ஹனி, நார்மல் என்று யார் சொன்னது, படமா, உன் கையா?” என்றார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். டாக்டரிடம் போய் இதை அப்படியே சொல்ல வேண்டும்: “கட்டி இன்னும் இருக்கிறது. எனக்கு டயக்னாஸ்டிக் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் வேண்டும். தேவையில்லை என்று நினைத்தால், நான் கேட்டேன், நீங்கள் வேண்டாம் என்றீர்கள், என்ன காரணம் என்று என் ரெக்கார்டில் எழுதிவிடுங்கள்.” டாக்டரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். நேரில் குரல் நடுங்கியது. ஆனால் பாதியிலேயே அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஆர்டர் போட்டுவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடிந்ததை ஆகஸ்டிலேயே கொடுத்திருக்கலாமே!

அந்த அம்மா மூலமாகத்தான் இதன் பெரிய கணக்கும் தெரிந்தது. அமெரிக்காவில் வெள்ளைக்காரப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது கொஞ்சம் குறைவு, சாவு மட்டும் சுமார் 40 சதவீதம் அதிகம். நோயின் வகையும் ஒரு காரணம். ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படாத ட்ரிபிள் நெகட்டிவ் வகை அவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அதை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. இன்சூரன்ஸ் இல்லாதது, தாமதமாகக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் சிகிச்சை தொடங்க இழுத்தடிப்பது, சொல்வதைக் காதில் வாங்காதது எல்லாம் சேர்ந்துதான் அந்த 40. நம்மைப் போன்ற இந்தியப் பெண்களை ‘ஆசியர்’ என்ற பெரிய மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். மொத்தத்தில் ஆசியப் பெண்களின் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதால் நமக்கு வராது என்ற நினைப்பு டாக்டருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. உண்மையில் ஐம்பது வயதுக்குட்பட்ட ஆசிய அமெரிக்கப் பெண்களிடம் இந்த நோய் வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது.

டிசம்பரில் அல்ட்ராசவுண்ட், அடுத்த வாரமே பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது). ரிசல்ட்டை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் படித்தேன். 2021 ஏப்ரலிலிருந்து இங்கே டெஸ்ட் முடிவுகளை உடனுக்குடன் நோயாளி பார்க்கும்படி விட வேண்டும் என்று விதி. பல நேரம் டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே நாம் பார்த்துவிடுவோம். மகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், போன் டிங் என்றது, ‘இன்வேசிவ் டக்டல் கார்சினோமா’ என்று முதல் வரி, அதாவது பால் குழாயில் தொடங்கி வெளியே பரவிய புற்றுநோய். தோசை கருகும் வாசனை வந்தும் திருப்பத் தோன்றவில்லை. திங்கள் காலைவரை பேச ஆளில்லாமல் இணையத்தில் கண்டதையும் படித்து, மனதுக்குள் மகள் கல்யாணம் வரை போய்த் திரும்பினேன். பயாப்சி செய்த அன்றே, முடிவு எந்தக் கிழமை வரும், யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் படிக்க வேண்டாம் என்றால் போர்ட்டலில் (ரிசல்ட் வரும் ஆஸ்பத்திரி இணையப் பக்கம்) நோட்டிஃபிகேஷனை நிறுத்தி வைக்கலாம். எனக்கு வந்தது ட்ரிபிள் நெகட்டிவ், இரண்டாம் ஸ்டேஜ், அக்குளில் ஒரு நெறிக்கட்டியிலும் பரவியிருந்தது.

அம்மாவிடம் சொன்னபோது முதலில் அழுகை, அடுத்த நிமிடமே “வெளியே யாருக்கும் சொல்லாத பாப்பா, நாளைக்குப் பொண்ணுக்கு வரன் பார்க்கும்போது...” என்று குரலைத் தாழ்த்தினார். எட்டு வயதுக் குழந்தைக்கு வரன்! கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஆனால் அந்தக் கூச்சம் இன்னொரு விஷயத்தையும் மறைத்து வைத்திருந்தது. ஜெனிடிக் டெஸ்டுக்குக் குடும்ப விவரம் கேட்கிறார்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டபிறகுதான், பெரியம்மா செத்தது ‘வயிற்றுக் கட்டி’யால் இல்லை, கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் ஏதோ புற்று என்று வெளியே வந்தது. சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். அதுவும் மார்பகப் புற்றுநோயும் ஒரே மரபணுக் கோளாறால் வரக்கூடியவை. உங்கள் வீட்டில் ‘வயிற்று வலி’, ‘கட்டி’, ‘என்னமோ பொம்பளை வியாதி’ என்று சொல்லிப் போனவர்கள் இருந்தால் பெரியவர்கள் இருக்கும்போதே துருவிக் கேளுங்கள், அப்பா வழியையும் சேர்த்து. என் ஜெனிடிக் ரிப்போர்ட்டில் ‘பொருள் தெரியாத மாற்றம்’ ஒன்று இருந்தது. நல்லதா கெட்டதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு இந்தப் பதில் அதிகம் வருகிறது. அதை வைத்து அறுவை சிகிச்சை முடிவு எதுவும் எடுக்க வேண்டாம், சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள் என்றார் கவுன்சலர்.

அடுத்து காசு. டிசம்பரில் ஸ்கேன், பயாப்சி எல்லாம் சேர்த்து 2,700 டாலர் கட்டினேன். ஜனவரி 1 பிறந்ததும் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்குவதற்கு முன் நாம் கட்ட வேண்டிய தொகை) கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. கீமோ தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அந்த வருடத்தில் நம் கையிலிருந்து போகக்கூடிய உச்சவரம்பான 6,500 டாலரும் போய்விட்டது. மொத்தம் ஒன்பதாயிரத்துக்கு மேல், ரூபாயில் ஏழு லட்சத்தைத் தாண்டும். இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. உச்சவரம்பைத் தொட்டுவிட்டால், நெட்வொர்க்குக்குள் (இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள்) இருக்கும்வரை, பாலிசி ஏற்கும் சிகிச்சை எதற்கும் அந்த வருடம் முடியும்வரை நாம் காசு தர வேண்டியதில்லை. அதனால் அறுவை, ரேடியேஷன், பிசியோதெரபி எல்லாவற்றையும் 2023 டிசம்பருக்குள் முடிக்கத் தேதி கேட்டு வாங்கினேன். அந்த அக்கவுண்ட்ஸ் அம்மா இல்லாவிட்டால் இது எனக்குத் தோன்றியிருக்காது. மயக்க மருந்து கொடுத்தவர் நெட்வொர்க்கில் இல்லை என்று தனியாக 1,800 டாலருக்கு ஒரு பில் வந்தது. நெட்வொர்க்கில் உள்ள ஆஸ்பத்திரிக்குள் நடந்த மயக்க மருந்துக்கு அப்படிக் கேட்க முடியாது, 2022 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது என்று எழுதிப் போட்டதும் ரத்தானது. எந்தப் பில் வந்தாலும் உடனே கட்டாதீர்கள். வரிவாரியான பில் கேளுங்கள், இன்சூரன்ஸ் அனுப்பும் விளக்கக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் லாபநோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் நிதி உதவித் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் யாரும் தானாக முன்வந்து இதைச் சொல்ல மாட்டார்கள்.

கீமோ நடந்த மாதங்களில் இன்னொரு பெரிய உதவி கிடைத்தது. “உன் நேவிகேட்டர் யார்?” என்று அதே அக்கவுண்ட்ஸ் அம்மாதான் கேட்டார். அப்படி ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் இருப்பதே எனக்குத் தெரியாது. வரவேற்பில் கேட்டால், ஓ, இருக்கிறாரே என்கிறார்கள். தேதி ஒருங்கிணைப்பது, இன்சூரன்ஸ் அனுமதியைத் துரத்துவது, வண்டி ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் வேலை. இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்) மருந்துக்கு இன்சூரன்ஸ் அனுமதி வராமல் நான் போனில் தொங்கிக்கொண்டிருந்ததை அவர் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். இந்த ஏற்பாடு பிறந்த இடம் நியூயார்க்கின் ஹார்லெம். அங்கே ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற கறுப்பின அறுவை மருத்துவர், தன்னிடம் வரும் ஏழைக் கறுப்பினப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நோய் முற்றிய பிறகே வருவதைப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம்தான். குறைந்த செலவில் பரிசோதனை ஏற்பாடு செய்தார், 1990-இல் நோயாளிக்குக் கூடவே நின்று வழிகாட்ட ஆள் போட்டார். பிந்தைய நோயாளிகளிடம் அது 70 சதவீதம் ஆனது. புது மருந்து எதுவும் கண்டுபிடித்து வந்த பலன் இல்லை இது. வழியில் நிற்கும் தடைகளை ஒவ்வொன்றாக விலக்கியே பெரும்பகுதி சாதித்தார்கள். அதனால் நோய் உறுதியான அன்றே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இங்கே நேவிகேட்டர் யார், அவர் நேரடி நம்பர் என்ன என்பதுதான்.

வலி பற்றி ஒன்று. “பத்துக்கு எவ்வளவு?” என்று நர்ஸ் கேட்பார். நம் வீட்டில் பெண்களுக்கு வலியைப் பெரிதுபடுத்தாமல் இருக்கத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிரசவ வலியிலேயே சத்தம் போடாதே என்ற ஊர். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு என்பேன், அவர்களும் பாராசிட்டமால் தருவார்கள். பிறகு எண்ணை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்ல ஆரம்பித்தேன்: ராத்திரி தூங்க முடியவில்லை, தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை, சட்டை பட்டன் போட விரல் மரத்துப் போகிறது. அதற்கு உடனே பலன் இருந்தது. காய்ச்சலும் அப்படித்தான். கீமோவின்போது 100.4 டிகிரி தொட்டால் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். ஒருமுறை போய், காய்ச்சல் என்று மட்டும் சொன்னதால் இருமுகிறவர்கள் நடுவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். போய் நின்றதும் சொல்ல வேண்டிய வாக்கியம், “எனக்குக் கீமோ நடக்கிறது, வெள்ளை அணுக்கள் குறைவாக இருக்கலாம், காய்ச்சல் இத்தனை.” கீமோ சென்டரில் இதற்கென்றே ஒரு அட்டை தருவார்கள், கேட்டால்.

ரேடியேஷனில் வேறு வேடிக்கை. தோல் சிவந்திருக்கிறதா என்று வாராவாரம் கேட்டார்கள். கையேட்டில் இருந்த படங்கள் அத்தனையும் வெள்ளைத் தோல். என் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? எனக்கு அது நாவல்பழக் கறுப்பாக, பிறகு சாம்பல் பூத்த மாதிரி மாறி, அக்குள் மடிப்பில் உரிய ஆரம்பித்தது. சிவப்பு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கடைசியில் நான் நர்ஸின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். சூட்டை உணர்ந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அன்றே களிம்பும் கட்டும் மாறின. நிறத்தைச் சொல்லாமல் சூடு, எரிச்சல், இறுக்கம், தடிப்பு, உரிதல் என்று சொல்லுங்கள். தினம் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, மற்ற மார்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுங்கள். இன்ஃப்ளமேட்டரி என்ற ஒரு வகைப் புற்றுநோயில் கட்டியே இல்லாமல் தோல் சிவந்து, ஆரஞ்சுத் தோல் போலக் குழிவிடும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பும் தெரியாமல் போய்விடுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வேலை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனியில் ஒரு வருடம் வேலை பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் 12 வாரச் சம்பளமில்லா விடுப்பு மத்தியச் சட்டப்படி உண்டு. இன்சூரன்ஸும் தொடரும். அதை மொத்தமாக எடுக்க வேண்டியதில்லை, கீமோ நாளும் மறுநாளும் என்று உடைத்து எடுக்கலாம். இதைத் தெரிந்துகொண்டதால்தான் வேலையும் அதோடு இன்சூரன்ஸும் தப்பித்தன. நியூஜெர்சியில் மாநிலமே தற்காலிக உடல்நலக்குறைவுக்கு ஊதியத்தில் ஒரு பகுதி தருகிறது. நெறிக்கட்டி எடுத்ததில் கை வீங்கினால் அதற்கான சிகிச்சையும் மார்பு மறுசீரமைப்பும், மார்பகத்தை அகற்றும் அறுவைக்குப் பணம் தரும் இன்சூரன்ஸ் தந்தாக வேண்டும் என்று 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. அக்டோபரானால் தயிர் டப்பாவில்கூட பிங்க் ரிப்பன் ஒட்டுகிற நாட்டில், இந்த நாலு வரியை அச்சடித்து ஒட்ட ஆளில்லை.

இப்போது அந்த அக்கவுண்ட்ஸ் அம்மா எனக்குச் செய்ததை நான் மற்றவர்களுக்குச் செய்கிறேன். டாக்டரிடம் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்து எழுதுவேன், அவ்வளவுதான். போனை ரெக்கார்டில் போட அனுமதி கேட்பேன், பெரும்பாலும் சரி என்பார்கள். சமீபத்தில் மகன் வீட்டுக்குக் குடிவந்த ஒரு தமிழம்மாவோடு போனேன். மகன் மொழிபெயர்த்தார். டாக்டர் ஐந்து நிமிடம் பேசியதை “ஒண்ணும் பயப்படறதுக்கு இல்லையாம்மா” என்று முடித்தார். பாசம்தான், ஆனால் கீமோ வேண்டுமா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அந்த அம்மா. அமெரிக்க அரசு நிதி பெறும் ஆஸ்பத்திரிகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும், தமிழுக்கும் போன் வழியாகக் கிடைக்கும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லி வைத்துவிடுங்கள். அடுத்த முறை போனில் ஒரு தமிழ்க் குரல் வந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, “முடி கொட்டுமா, திரும்ப வளருமா?” மகனிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் அதனாலேயே மேமோகிராமைத் தள்ளிப்போட வேண்டாம். வருமானம் குறைந்த பெண்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ பரிசோதனை செய்யும் மத்தியத் திட்டம் ஒன்று, மாநிலத்துக்கு ஒரு பெயரில் நடக்கிறது. நியூஜெர்சியில் அதன் பெயர் என்ஜேசீட். கவுன்டி சுகாதார அலுவலகத்துக்கு போன் செய்தால் பக்கத்தில் எங்கே என்று சொல்வார்கள். சராசரி ஆபத்து உள்ளவர்களுக்கு 40 வயதில் தொடங்கி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது 2024 ஏப்ரலில் வந்த அரசுக் குழுவின் பரிந்துரை. அதற்கு முன் 50 என்றுதான் இருந்தது, நாற்பதுகளில் அவரவர் விருப்பம். உங்கள் டாக்டர் பழைய எண்ணைச் சொன்னால் புதியதைச் சொல்லுங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் இந்த வயதுக் கணக்கு எதுவும் பொருந்தாது, முப்பதோ அறுபதோ, ஸ்க்ரீனிங் வேண்டாம், டயக்னாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்கள்.